ஸ்டூலை மூன்றடி முன்னால் போடுங்கள்

பெங்களூரிலிருந்து வரும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் தமிழ்நாடு ஆரம்பிக்கிற இடம் ஜூஜுவாடி. லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, ஹாரன். வணிகவரிச் சோதனைச் சாவடி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு போய்விட்டது. ஆனால் இன்னொரு சோதனை எல்லா ஃபேக்டரி கேட்டிலும் இருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்கினால்தான் உள்ளே விடுவார்கள். அட்டைக்கு போட்டோ வேண்டும். அதனால் இங்கே ஸ்டூடியோக்காரர்களுக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

எனக்கும் ஒரு விண்ணப்பத்துக்கு போட்டோ தேவைப்பட்டது. பத்துக்குப் பத்து அறை. வெள்ளைச் சுவர். சுவரோடு ஒட்டி ஒரு ஸ்டூல். இரண்டு பக்கமும் இரண்டு எல்.இ.டி. விளக்குகள், மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி. எனக்கு முன்னால் ஒரிசாப் பையன் ஒருவன். இருபது வயது இருக்கும். நல்ல கறுப்பு. களையான முகம், கன்ன எலும்பு எடுப்பாக, கண் அத்தனை பிரகாசமாக. 'சீதா பைட்டோ' என்றார் ஸ்டூடியோக்காரர். க்ளிக். கம்ப்யூட்டரில் வந்த படத்தில் அவன் இருண்டு போயிருந்தான். ஸ்டூடியோக்காரர் மௌஸைப் பிடித்து ஏதோ ஒரு கோட்டை வலது பக்கம் இழுத்தார். முகம் வெளுத்தது. கன்ன எலும்பைக் காணோம். சாம்பல் பூசிய பலூனில் கண், மூக்கு, வாய் வரைந்த மாதிரி ஒன்று திரையில் இருந்தது. எட்டு காப்பி.

"ஏங்க, அந்தப் பையன் இப்படியா இருக்கான்?" என்றேன்.

"எல்லாரும் கலர் ஏத்தித்தான் சார் கேக்கறாங்க."

முழுப் பொய் இல்லை. சிவப்பழகு க்ரீம் விற்ற நாடு இது. அந்தக் காலத்திலும் நெகட்டிவில் பென்சில் தீட்டி முகத்தை வெளுக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, இந்த வெளுப்பில் ஆசைக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி அந்த வெள்ளைச் சுவருக்கும், சுவரோடு ஒட்டிய ஸ்டூலுக்கும்.

எப்படி என்றால், கேமராவின் ஒளிமானிக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். முக்கால் படத்தை வெள்ளைச் சுவர் அடைத்துக்கொண்டால், 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடும். சிவந்த முகம் தப்பிக்கும். கறுத்த முகம் குழிக்குள் போகும். பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிவிட வேண்டும், தூக்கினால் சாம்பல். முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்பக் கணக்குப் போடுகிற புது கேமராக்கள் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைத்து நிழலையே துடைத்துவிட்டால் எந்த கேமரா என்ன செய்யும்? மூக்கு மேடு, கன்னம் பள்ளம் என்று கண்ணுக்குச் சொல்வது நிழல்தானே.

கறுத்த தோலுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்பது நம் ஊரில் பரவியிருக்கிற தப்புக் கணக்கு. நிறைய வேண்டாம். பக்கத்திலிருந்து, பெரிய பரப்பிலிருந்து, மெதுவாக வர வேண்டும். கறுப்பின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடுகிற அந்தக் கோட்டில். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அர்ச்சனாவின் முகத்தை அவர் எங்கேயும் வெளுக்க வைக்கவில்லை. ஜன்னலை நம்பினார். தேசிய விருது கிடைத்தது அந்த முகத்துக்குத்தான். அதற்கும் முன்னால், சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பிவிட்டு, காசி வீட்டு முற்றத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். துணி, விளக்கு. அவ்வளவுதான் முதலீடு.

'அவங்க எல்லாம் சினிமாக்காரங்க' என்பீர்கள். சரி, ஸ்டூடியோவுக்கே வருவோம். மத்தியப் பிரதேசத்தில் நாக்டா என்று ஒரு ஊர். ஓசூர் மாதிரி அதுவும் ஆலை ஊர். அங்கே 'சுஹாக்' ஸ்டூடியோ நடத்திய சுரேஷ் பஞ்சாபி எடுத்த படங்களை, கிறிஸ்டோபர் பின்னி என்கிற ஆங்கிலேய மானிடவியலாளரோடு சேர்த்து, 'ஆர்ட்டிசன் கேமரா' என்று 2013-ல் புத்தகமாகப் போட்டது நம் சென்னை தாரா பதிப்பகம். எல்லாம் மாஸ்டர்பீஸ் என்று சொல்லமாட்டேன். சிலதில் ஜம்பம் அதிகம். ஆனால் கறுப்பு-வெள்ளையில் அந்த மனிதர்களுக்கு ஒரு கனம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரை எடுப்பவர் ஒரு நிமிடமாவது பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் பமாகோ நகரத்தில் 1948-ல் ஸ்டூடியோ திறந்த செய்து கெய்தா நம்பியது பெரும்பாலும் பகல் வெளிச்சம்தான். பின்னணிக்கு முதலில் தொங்கவிட்டது தன் கட்டில் விரிப்பை! சில வருடங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றினார். எந்தப் படம் எந்த வருடம் எடுத்தது என்பதைப் பிற்பாடு அந்தத் துணிகளை வைத்தே கண்டுபிடித்தார்கள். கறுத்த முகங்கள், பூப்போட்ட துணி, ஒரு பக்க வெளிச்சம். இன்று உலக மியூசியங்களில் தொங்குகின்றன.

நம் ஊரில் பின்னணியின் கதை வேறு. தூண், மாடிப்படி, தோட்டம் வரைந்த திரைச்சீலை முதலில். அப்புறம் சுவிட்சர்லாந்து மலை ஒட்டிய போஸ்டர். அப்புறம் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய நீர்வீழ்ச்சி. பழைய திரைச்சீலையைப் பற்றி உருகுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை, அதுவும் பொய்தான். ஆனால் ஒன்று. அந்தத் திரை பெரும்பாலும் மங்கலான சாம்பல் நிறம். முகம் அதைவிட ஒரு படி தூக்கலாகத் தெரியும். அதை வரைந்தவனுக்கு ஒளியியல் தெரியாமல் இருக்கலாம், விஷயம் தெரிந்திருந்தது.

ஸ்டூடியோக்காரரிடம் இவ்வளவும் பேசவில்லை. கொஞ்சம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. வாடகை சொன்னார். ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம்தான் கட்டுப்படியாகும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்.

"ரெண்டு தடவை ஆச்சு சார். வெளியூர்ப் பசங்க. ஒருத்தன் ரோட்ல அடிபட்டு, ஒருத்தன் ஜுரத்துல. மாலை போட படம் வேணும்னு ரூம்ல கூட இருந்தவங்க வந்தாங்க. போன்ல இருக்கறதெல்லாம் கண்ணாடி போட்டது, நாக்கு நீட்டினது. கடைசில நான் எடுத்த கார்டு போட்டோவைத்தான் பெருசு பண்ணிக் குடுத்தேன். பெருசு பண்ணா... அதுல முகமே இல்ல சார்."

அந்த அட்டைப் படத்தைத்தான் ஊரில் அவன் அம்மா சுவரில் மாட்டியிருப்பாள்.

நான் எழுந்து ஸ்டூலைத் தூக்கி மூன்றடி முன்னால் போட்டேன். கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. விளக்கு முகத்திலிருந்து மூன்றடி. சுவர் அதற்குப் பின்னால் இன்னொரு மூன்றடி. ஆக, சுவருக்கு ஆறு. முகத்தில் விழுவதில் கால்வாசிதான் சுவருக்குப் போகும். பெயின்ட் அடிக்காமலே வெள்ளைச் சுவர் சாம்பலாகிவிடும். நிழலும் படத்துக்கு வெளியே போய் விழும். ஒரு விளக்கை அணைக்கச் சொன்னேன். மற்றதை நாற்பத்தைந்து டிகிரியில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, முன்னால் ஒரு பழைய வேட்டித் துணியைத் தொங்கவிட்டோம். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை, டி.வி. பெட்டியில் வந்தது. பாஸ்போர்ட்டுக்கு வெள்ளைதானே வேண்டும், நிழலே கூடாதே என்றார். நியாயம். அணைத்த விளக்கைச் சுவருக்கு மட்டும் திருப்பிப் போட்டால் சுவர் வெள்ளை. தெர்மாகோலை இன்னும் கிட்டே கொண்டுவந்தால் முகத்து நிழல் கரையும். அட்டைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஸ்டூல் அதே இடத்தில்.

ஒரிசாப் பையன் காப்பி உலர்வதற்காக வாசலில் நின்றுகொண்டிருந்தான். 'ஆவோ' என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். க்ளிக்.

திரையில் வந்தவனை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். சிரிக்கவில்லை. தன் கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். போனை நீட்டி, அனுப்பச் சொன்னான். காசு கேட்கவில்லை ஸ்டூடியோக்காரர்.

"நல்லாத்தான் சார் இருக்கு" என்றார் என்னிடம். "ஆனா கலர் கம்மியா இருக்குன்னு சொல்வாங்களே."

அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே ஸ்டூலை இழுத்துச் சுவரோரமாகப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.