நடவாத ஆட்டமும் நாடகப் புலமையும்

நிகழ்ந்ததைக் கூறுவது வரலாறு. நிகழக்கூடியதைக் காட்டுவது கவிதை என்று வகுத்தார் அரிஸ்டாட்டில். ஆயின், நிகழவிடாமல் தடுக்கப்பட்ட ஒன்றைக் கலைஞன் எவ்வாறு காட்டுதல் வேண்டும்? இவ்வினாவை ஆராய அமெரிக்கரின் பேஸ்பால் பந்தாட்டம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1932-ஆம் ஆண்டில், பேப் ரூத், லூ கெரிக் ஆகியோரைக் கொண்ட நியூயார்க் யாங்கீஸ் குழு, 'உலகத் தொடர்' எனப்படும் இறுதிப் போட்டியில் வாகை சூடியது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரின் கிராஃபோர்ட்ஸ் குழுவில் ஜோஷ் கிப்சன் மட்டை பிடித்தார். சாட்செல் பேஜ் பந்து வீசினார். இவ்விரு குழுக்களும் பட்டத்துக்கு மோதியிருப்பின் வெற்றி யாருடையது? அவை மோதவில்லை. காரணம் திறமைக் குறைவன்று, நிறவெறி. பெரிய லீக்குகள் கறுப்பினத்தாரைச் சேர்க்கவில்லை. 1947 ஏப்ரலில் ஜேக்கி ராபின்சன் அத்தடையை உடைத்தார். கிப்சனோ அதற்கு மூன்று திங்கள் முன்னரே, 35-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

நடவாத ஆட்டத்தைக் கற்பனையில் நடத்திக் காட்டிய புகழ்பெற்ற படைப்பு, 1989-இல் வெளிவந்த 'ஃபீல்ட் ஆஃப் டிரீம்ஸ்' என்னும் திரைப்படம். ஐயோவா மாநில உழவன் ஒருவன் சோளக்கொல்லையை அழித்துத் திடல் அமைக்கிறான். 1919-ஆம் ஆண்டுத் தொடரில் பணம் பெற்றுத் தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு விலக்கப்பட்ட வீரர்கள் ஆவியுருவில் வந்து ஆடுகின்றனர். தந்தையும் மைந்தனும் பந்தெறிந்து பிடிக்கும் இறுதிக் காட்சி நெஞ்சை உருக்குவது என்பதில் ஐயமில்லை. எனினும், குற்றஞ்சாட்டப்பட்டோருக்குத் திறந்த அக்கற்பனைக் கதவு, குற்றமே செய்யாமல் விலக்கப்பட்ட கிப்சன் போன்றோருக்குத் திறக்கவில்லை. ஆறுதல் உண்டு, அறம் குறைவு.

ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகம், 1987-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதன் பொருள் 'வேலிகள்'. கதைத் தலைவன் டிராய் மேக்சன், முன்னாள் நீக்ரோ லீக் ஆட்டக்காரன். 1957-இல் குப்பை அள்ளிப் பிழைப்பவன். அவன் காலத்துக்கு முன்னரே பிறந்துவிட்டான் என்று பிறர் ஆறுதல் கூற, திறமைக்கு 'முன்னர்' என்றொரு காலமே இருந்திருக்கலாகாது என்று அவன் சீறுகிறான். வில்சன் இழந்த ஆட்டத்தை மேடையேற்றவில்லை. முற்றத்து மரத்தில் தொங்கும் கந்தல் பந்தும் சாய்ந்து கிடக்கும் மட்டையுமே காட்சி. டிராயை உத்தமனாகவும் அவர் தீட்டவில்லை. தன் காயத்தையே அளவுகோலாகக் கொண்டு, மகனின் ஃபுட்பால் எதிர்காலத்தை அத்தந்தை கெடுத்துவிடுகிறான். நடவாத ஓர் ஆட்டம் அடுத்த தலைமுறையையும் தோற்கடிக்கும் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

டிராயாக 1987-இல் பிராட்வே மேடையில் முழங்கிய ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸே, இரண்டாண்டுகளில் அத்திரைப்படத்தில் பேஸ்பாலின் பெருமையைப் பாடும் எழுத்தாளராகவும் நடித்தார். ஒரே குரல், ஒன்றில் வழக்கு, மற்றொன்றில் வாழ்த்து.

2024-இல் நீக்ரோ லீக் கணக்குகள் பெரிய லீக் ஏடுகளில் சேர்க்கப்பட்டன, கிப்சனின்.372 என்னும் மட்டை விகிதம் முதலிடம் பெற்றது. எண்கள் திருத்தப்பட்டன, ஆட்டம் ஆடப்படவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பி மறைக்கும் கற்பனை இனிமை தரலாம். அதனை வெற்றிடமாகவே காட்டி, காரணத்தையும் உணர்த்தும் கற்பனையே உயர்ந்த இலக்கியமாகும்.