‘வரை’ என்றால் எதுவரை? லூப் பிழைகளை நாம் திருத்தும் விதம் பற்றி

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் லூப். பாடநூல் தமிழில் மடக்கு. மாறி, உள்ளீடு, ‘இப்படியானால் அப்படிச் செய்’ என்கிற நிபந்தனை வரைக்கும் ஓரளவு வந்துவிடுகிறார்கள். லூப் வந்ததும் விடையில் ஒன்று குறைகிறது, இல்லை ஒன்று கூடுகிறது, இல்லாவிட்டால் திரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. “நமக்கு லாஜிக் வராதுப்பா” என்று பலர் மூட்டை கட்டுவதும் இங்கேதான்.

இவர்களுக்கு நாம் சொல்லும் வைத்தியம் ரொம்பச் சின்னது: “அந்த இடத்துல ஒரு ஈக்வல் சேர்த்துப் பாரு, சரியாயிடும்.” சரியாகவும் ஆகிவிடும். இந்த வைத்தியத்தைத்தான் இந்தக் குறிப்பில் குறை சொல்லப் போகிறேன். லூப்பில் ஒரு குறியை மாற்றுவது பிழையைத் திருத்துவது ஆகாது. பிழை எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் குறியை மாற்றினால், அது அடுத்த நிரலில் வேறு வேஷத்தில் வந்து நிற்கும். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் லூப் பிழைகளில் பல, கணக்கு வராததால் வந்தவை அல்ல. நாம் பேசும் மொழியிலிருந்து வந்தவை.

மழை பெய்யும் வரை

உதாரணங்களை எழில் மொழியில் எழுதுகிறேன். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி அது. அதைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 2009இல் வந்தது. சிறப்புச் சொற்கள் எல்லாம் தமிழிலேயே இருப்பதால், நான் சொல்ல வருவது இதில் பளிச்சென்று தெரியும்.

கூட்டு = 0
எண் = 1
@( எண் < 10 ) வரை
    கூட்டு = கூட்டு + எண்
    எண் = எண் + 1
முடி
பதிப்பி கூட்டு

அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனை உண்மையாக இருக்கும் மட்டும் லூப் சுற்றும். ஆனால் தமிழில் ‘வரை’ என்ற சொல்லுக்கு அந்த ஒரு பொருள் மட்டும்தானா?

“மழை பெய்யும் வரை காத்திரு” என்றால் மழை தொடங்கியதும் காத்திருப்பு முடிகிறது. “மழை பெய்யும் வரை உள்ளேயே இரு” என்றால், பெரும்பாலும், மழை நின்றதும் உள்ளே இருப்பது முடிகிறது. அதே மூன்று சொற்கள்தான். ஒன்றில் மழை தொடங்கும் நேரம் எல்லை, மற்றதில் மழை ஓயும் நேரம் எல்லை. பேச்சில் நாம் குழம்புவதில்லை, சூழல் காப்பாற்றிவிடுகிறது. பொதுவாக, ‘இருக்கும் வரை’, ‘உள்ள வரை’ என்று ஒரு நிலையைச் சொன்னால் அது நீடிக்கும் மட்டும் என்று கொள்கிறோம். ‘வரும் வரை’, ‘ஆகும் வரை’ என்று ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் அது நடக்கும் மட்டும் என்று கொள்கிறோம். வேலை பார்ப்பது வினைச்சொல்.

‘எண் < 10’ என்பதில் வினைச்சொல்லே கிடையாது. படிக்கிறவர் தானாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘இருக்கும்’ என்று சேர்த்தால் லூப் சரியாகப் புரியும். ‘ஆகும்’ என்று சேர்த்தால் தலைகீழாகப் புரியும். மாணவர் ‘எண் > 10’ என்று எழுதிவிட்டு, “பத்தைத் தாண்டும் வரைன்னுதானே எழுதியிருக்கேன், ஏன் ஒரு தடவைகூட சுத்தல?” என்று கேட்கும்போது அவருடைய தமிழில் தப்பே இல்லை. அவர் ‘தாண்டும்’ என்ற வினையைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

எழிலைக் குறை சொல்லிவிட்டுப் போவதல்ல என் நோக்கம். ‘வரை’க்குப் பதில் எந்தச் சொல்லை வைத்தாலும் ஏதோ ஒரு சிக்கல் வரும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் தப்பவில்லை. ஜெஃப்ரி போனாரும் எலியட் சோலோவேயும் 1985இல் வெளியிட்ட கட்டுரையில், புதியவர்களின் தவறான புரிதல்களுக்குப் பெரிய ஊற்று அவர்கள் ஏற்கெனவே அன்றாட மொழியில் வைத்திருக்கும் அறிவுதான் என்று வாதிட்டார்கள். ஆங்கிலப் பேச்சில் ‘வொய்ல்’ என்றால் இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருப்பது. நிரலில் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே ஒரு முறைதான் நிபந்தனை பார்க்கப்படுகிறது.

இந்தச் சிக்கல் நமக்கும் உண்டு. “அம்மா வரும் வரை விளையாடு” என்றால் அம்மா தலை தெரிந்த கணமே பந்தைப் போட்டுவிட வேண்டும். ஆட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. லூப் அப்படிச் செய்யாது, ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வாசலைப் பார்க்கும். மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வாங்கி, -1 கொடுத்ததும் நிற்க வேண்டும் என்று ஒரு நிரல். ‘மதிப்பெண் -1 ஆக இல்லாத வரை’ என்று நிபந்தனை. உள்ளே முதல் வரியில் மதிப்பெண்ணை வாங்கி, அடுத்த வரியில் கூட்டுகிறார் மாணவர். அந்த -1ம் கூட்டலில் சேர்ந்து மொத்தத்தில் ஒன்று குறைகிறது. வாங்கியவுடனே லூப் நின்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை.

இதற்கு நடுவில் வெளியேறும் வழி ஒன்று உண்டு; எழிலில் ‘நிறுத்து’. சோலோவே, போனார், எர்லிக் மூவரும் 1983இல் வெளியிட்ட சோதனையில், நடுவில் வெளியேற வசதியுள்ள லூப்பைக் கொடுத்தபோது மாணவர்கள் கூடுதலாகச் சரியாக எழுதினார்கள். ஆனாலும் “நடுவுல வெளியேறுறது நல்ல பழக்கம் இல்லை” என்று தொடக்க வகுப்பிலேயே தடை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனிதர் இயல்பாக யோசிக்கும் வரிசை ‘வாங்கு, பார், கூட்டு’. அதை முதல் நாளே உடைத்துவிட்டு, பிறகு லாஜிக் இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

பத்து சேருமா, சேராதா?

இரண்டாவது சிக்கல் எல்லை. “1 முதல் 10 வரை” என்றால் தமிழில் பத்தும் சேர்த்திதான். பத்தாம் தேதி வரை லீவு என்றால் பத்தாம் தேதியும் லீவு. நாள் எண்ணுவதிலும் இரண்டு முனையையும் சேர்ப்பது நமக்குப் பழக்கம்: இந்தத் திங்களிலிருந்து அடுத்த திங்கள் ‘இன்னியோட எட்டாம் நாள்’. நடுவில் ஏழு நாள்தானே ஆகிறது என்று யாரும் சண்டை போடுவதில்லை.

இந்தப் பழக்கத்தோடு வருகிறவரிடம், பைத்தானின் ‘ரேஞ்ச்(1, 10)’ என்பது 9உடன் நின்றுவிடும் என்கிறோம். “ஏன்?” என்று கேட்டால், “அது அப்படித்தான், மனசுல வெச்சுக்கோ.” காரணம் இருக்கிறது, சொல்வதில்லை. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982இல் கைப்பட எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதை விளக்கியிருக்கிறார். கீழ் எல்லையைச் சேர்த்து மேல் எல்லையை விட்டுவிட்டால், இரண்டையும் கழித்தாலே எத்தனை எண்கள் என்று வந்துவிடும்: 10 - 1 = 9. அடுத்தடுத்த தொகுதிகளும் அழகாக ஒட்டிக்கொள்ளும்: 1 முதல் 10, 10 முதல் 20. எதுவும் இருமுறை வராது, எதுவும் விட்டும் போகாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொன்னால் அது மனப்பாட விதியாக இல்லாமல் ஒரு தேர்வாகப் புரியும்.

55 வந்துவிட்டது, சரிதானே?

மேலே உள்ள நிரல் 1 முதல் 10 வரை கூட்ட வேண்டும். 55 வர வேண்டிய இடத்தில் 45 வரும். இதை ‘போட்டுப் பார்த்து’ திருத்தும் வழியில் என்ன நடக்கும்?

மாணவர் உள்ளே இருக்கும் இரண்டு வரிகளை இடம் மாற்றுகிறார். எண் முதலில் கூடுகிறது, பிறகு கூட்டல். இப்போது 2 முதல் 10 வரை கூட்டி 54 வருகிறது. “ஆஹா, கிட்ட வந்துட்டோம்!” அடுத்து தொடக்கத்தை 0 ஆக்குகிறார். 55! ஆசிரியரும் சரி போட்டுவிடுகிறார்.

இப்போது “3 முதல் 10 வரை கூட்டு” என்று கேளுங்கள். அவர் தொடக்கத்தில் 3 என்று போடுவார். 52 வர வேண்டும், 49 வரும். ஏனென்றால் அவருடைய நிரலில் ‘எண்’ என்பது இனி கூட்ட வேண்டிய எண் அல்ல, கடைசியாகக் கூட்டி முடித்த எண். அந்தப் பொருள் மாறியது அவருக்கே தெரியாது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன, திரையில் சரியான விடை வந்தது.

2008 டிசம்பர் 31

இது பள்ளிப் பிள்ளைகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் ஸூன் என்ற பாட்டுக் கருவியில் 30 ஜிபி வகை உறைந்து நின்றது. 1980இலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் லூப்தான் காரணம். அதன் சாரம் இது:

@( நாள் > 365 ) வரை
    @( லீப்ஆண்டு(ஆண்டு) ) ஆனால்
        @( நாள் > 366 ) ஆனால்
            நாள் = நாள் - 366
            ஆண்டு = ஆண்டு + 1
        முடி
    இல்லை
        நாள் = நாள் - 365
        ஆண்டு = ஆண்டு + 1
    முடி
முடி

2008 லீப் ஆண்டு. அதன் கடைசி நாளில் ‘நாள்’ சரியாக 366. 365ஐ விடப் பெரியது, ஆகவே உள்ளே போகிறது. லீப் ஆண்டு, ஆம். 366ஐ விடப் பெரியதா? இல்லை. எதுவும் மாறாமல் மறுபடி மேலே. முடிவே இல்லை. பேட்டரி தீரும்வரை விட்டுவிட்டு, மறுநாள் சார்ஜ் போட்டுத் திறக்கச் சொன்னது நிறுவனம். தேதி மாறினால் போதும், நிரல் தானாக ஓடும்.

இதற்கும் நம் வைத்தியத்தைப் போட்டுப் பாருங்கள். ‘நாள் > 366’ என்பதை ‘நாள் >= 366’ ஆக்கினால் லூப் நிற்கும்! ஆனால் 366 கழிந்து நாள் 0 ஆகும், ஆண்டு 2009 ஆகும். 2009ஆம் ஆண்டின் பூஜ்ஜியமாம் நாள். அப்படி ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை. முடிவில்லாமல் சுற்றுவதாவது கண்ணுக்குத் தெரிந்த பிழை. இது சத்தமில்லாத பிழை.

சரியான திருத்தம் குறியில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. இந்த லூப் என்ன சொல்ல வந்தது? “மிச்சமுள்ள நாட்கள் இந்த ஆண்டுக்குள் அடங்காமல் இருக்கும் வரை, இந்த ஆண்டைக் கழித்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போ.” அதை அப்படியே எழுதினால்:

@( நாள் > ஆண்டின்நாட்கள்(ஆண்டு) ) வரை
    நாள் = நாள் - ஆண்டின்நாட்கள்(ஆண்டு)
    ஆண்டு = ஆண்டு + 1
முடி

365ம் 366ம் தனித்தனியே அலைவது நின்றுபோயிற்று. உள்ளே வந்துவிட்டால் நாள் குறைந்தே தீரும், அதனால் முடிவில்லாமல் சுற்ற வழியே இல்லை.

பாடநூலில் இல்லாததா?

இருக்கிறது. தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் 8ஆம் பாடமே சுழற்சி பற்றியதுதான். ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் உண்மையாக இருக்கும் கூற்று, அதாவது மாற்றமிலி, அங்கே வருகிறது. பள்ளிப் பாடத்தில் இதை வைத்ததற்கு மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் சி++ லூப்கள் 10ஆம் பாடத்தில் வருகின்றன. அங்கே இலக்கணம்தான் பிரதானம். அரைப்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே, இதன் வெளியீடு என்ன. இரண்டு பாடங்களும் கைகுலுக்கிக்கொள்ளும் இடத்தை நான் பார்க்கவில்லை. மாற்றமிலி கணிதமாகவும், லூப் எழுத்திலக்கணமாகவும் தனித்தனியே படிக்கப்பட்டு, தேர்வோடு மறக்கப்படுகின்றன. ‘எண்’ என்பதன் பொருள் நழுவிய அந்த மாணவருக்குத் தேவைப்பட்டது மாற்றமிலிதான். “சுற்றின் தொடக்கத்தில், எண்ணுக்கு முந்தியவை எல்லாம் கூட்டப்பட்டுவிட்டன” என்ற ஒரே வரி.

‘டிரை ரன்’ என்று அட்டவணை போடச் சொல்வதிலும் ஒரு குறை உண்டு. மாணவர் நிரலைப் பார்த்து அட்டவணையை நிரப்புவதில்லை, தன் மனதில் உள்ளதைப் பார்த்து நிரப்புகிறார். 10 வரை போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஆகவே அட்டவணையும் 10 வரை போகிறது. அட்டவணை சரி, நிரல் தப்பு! பக்கத்தில் இருப்பவருடைய நிரலை, அது எதற்கென்று சொல்லாமல் கொடுத்து அட்டவணை போடச் சொன்னால் இந்த ஏமாற்று நடக்காது.

என் பரிந்துரை எளிமையானது. லூப் தப்பாக ஓடினால் விசைப்பலகையைத் தொடும் முன் மூன்றைச் செய்யுங்கள். ஒன்று, நிபந்தனையை வினைச்சொல்லோடு முழுத் தமிழ் வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘இருக்கும் வரை’யா ‘ஆகும் வரை’யா என்பது வாயில் வந்துவிடும். இரண்டு, சுற்றின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாறிக்கும் என்ன பொருள் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று, ஒரு முறைகூடச் சுற்றக் கூடாத உள்ளீடு, ஒரே முறை சுற்ற வேண்டிய உள்ளீடு, சரியாக எல்லையில் நிற்கும் உள்ளீடு ஆகிய மூன்றையும் கையால் ஓட்டுங்கள். ஸூன் மாட்டிக்கொண்டது அந்த மூன்றாவதில்.

சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த முறை யாராவது 45 என்று விடை கொண்டுவந்தால், “ஈக்வல் போடு” என்று சொல்லாமல், “இந்த வரியை வாய்விட்டுப் படிச்சுக் காட்டு” என்று கேளுங்கள். லாஜிக் வராதவர் என்று நாம் நினைத்தவர், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தித் தானே திருத்திக்கொள்வார்.