சூரரைப் போற்றும் ஏர் டெக்கானும்

சூரரைப் போற்று (2020) சுதா கொங்கரா இயக்கத்தில் சூர்யா நடித்த தமிழ்த் திரைப்படம். ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் தன்வரலாறான 'சிம்ப்ளி ஃப்ளை' நூலைத் தழுவியது. ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றது. கோபிநாத் கர்நாடகத்தின் கொரூரைச் சேர்ந்தவர். படத்தின் நாயகன் நெடுமாறன் சோழவந்தான்காரர். நாயகனின் சமூகப் பின்னணி மாற்றப்பட்டது குறித்து அப்போது நிறைய விவாதம் நடந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் படத்தின் முடிவில் உள்ளது. அது அதிகம் பேசப்படவில்லை.

படத்தின் ஆகச்சிறந்த காட்சி விமான நிலையத்தில் நிகழ்கிறது. தந்தை சாகக் கிடக்கிறார். நெடுமாறனிடம் டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை. முன்பின் தெரியாத பயணிகளிடம் கையேந்துகிறான். மலிவுக்கட்டண விமானம் என்ற வணிக யோசனைக்கு ஒரு மகனின் அவமானத்தை அடித்தளமாக்கியது திரைக்கதையின் வெற்றி. சூர்யாவின் நடிப்பு அங்கே மிகையாகத் தோன்றுவதில்லை.

ஆனால் அந்தக் காட்சி எழுப்பும் கேள்விக்குப் படம் தரும் விடை எளிமையானது. ஏழை பறக்க முடியாததற்குக் காரணம் பரேஷ் கோஸ்வாமி என்ற பணக்கார முதலாளி. அவரை வென்றால் போதும். இறுதியில் ஊர்மக்கள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். விஜய் மல்லையாவை நினைவூட்டும் பாலையா கூட்டுச்சேர அழைக்கும்போது நெடுமாறன் மறுத்துவிடுகிறான்.

நிஜத்தில் நடந்தது நேர்மாறானது. 2003 ஆகஸ்டில் சிறிய ஏடிஆர் விமானங்களுடன் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான், ஹூப்ளி போன்ற ஊர்களைப் பெருநகரங்களுடன் இணைத்தது. ஆர்.கே. லட்சுமணின் 'சாமானியன்' அதன் சின்னம். சில ஆண்டுகளில் 60க்கும் மேற்பட்ட ஊர்களுக்குச் சென்றது. ஆனால் வளர வளர நட்டமும் வளர்ந்தது. 2007ல் மல்லையாவின் யுபி குழுமம் 26 சதவீதப் பங்குகளை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

ஒரு ரூபாய் டிக்கெட் என்பது தர்மம் அல்ல, கணக்கு. சில இருக்கைகளை அந்த விலைக்கு விற்று, கடைசி நேரத்தில் வருபவரிடம் கூடுதலாக வாங்கி, சராசரியில் செலவை ஈடுகட்ட வேண்டும். செலவில் பெரும்பங்கு எரிபொருளுக்குப் போகிறது. அதன் விலையும், அதற்கு மாநில அரசுகள் போடும் விற்பனை வரியும், விமான நிலையக் கட்டணமும் நிறுவனத்தின் கையில் இல்லை. போட்டியாளர்களும் கட்டணத்தைக் குறைத்துவிட்டால் சராசரி சரிந்துவிடும். கோஸ்வாமி போன்ற ஒரு வில்லன் இல்லாமலேயே இது நடக்கும். நாயகனின் கனவே அவன் கல்லாவைக் காலி செய்வது எத்தனை வலுவான நாடகத் தருணம்! படம் அதைத் தொடவேயில்லை.

வாங்கியவருக்கு என்ன கிடைத்தது என்பது இன்னும் கசப்பானது. ஐந்தாண்டு உள்நாட்டுச் சேவையும் 20 விமானங்களும் இருந்தால்தான் வெளிநாடு பறக்கலாம் என்பது அன்றைய விதி. 2005ல் தொடங்கிய கிங்ஃபிஷருக்கு அந்த வயது இல்லை. டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் ஐந்து நிறைந்தது. இணைப்பில் சட்டப்படி கிங்ஃபிஷர்தான் டெக்கானுக்குள் சேர்ந்தது, பிறகு பெயர் மாறியது. 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குக் கிங்ஃபிஷர் பறந்தது. ஹூப்ளிக்காரர்களைச் சுமந்து டெக்கான் சேர்த்த வயது அதற்குப் பயன்பட்டது.

மலிவுச்சேவை கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர் மாறியது. 2011 செப்டம்பரில் அதைக் கைவிடுவதாக மல்லையா அறிவித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கிங்ஃபிஷரும் தரையில் நின்றது. திரையில் நெடுமாறன் கைகூப்பி மறுத்த அந்த ஒப்பந்தத்தில்தான் நிஜ நாயகர் கையெழுத்திட்டிருந்தார்.