அடைப்புக்குறி இல்லாத லிஸ்ப்

லிஸ்ப் நிரலைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் முதலில் சொல்லும் குறை அடைப்புக்குறிகள். லிஸ்ப்பை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தியே அவற்றை மொழியின் இறுதி வடிவமாக நினைக்கவில்லை. மனிதர் எழுத எம்-கோவை என்று வேறொரு வடிவம் வைத்திருந்தார். அது முழுமை பெறவே இல்லை. நிரலர்கள் அதற்குள் அடைப்புக்குறிகளிலேயே குடியேறிவிட்டார்கள்.

பைத்தான்போல் உள்தள்ளலாலேயே கட்டமைப்பைக் காட்டலாம் என்ற யோசனை, லிஸ்ப்பின் கிளைமொழியான ஸ்கீமுக்கான எஸ்ஆர்எஃப்ஐ முன்மொழிவு வரிசையில் மூன்று முறை வந்தது: 49, 110, 119. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. வரி ஒரு பட்டியல். உள்தள்ளிய வரி மேல்வரியின் உறுப்பு. இதில் பெரும்பாலான நிரல் அழகாகவே அமைகிறது. மாட்டிக்கொள்வது இங்கே (குறிச்சொற்களைத் தமிழில் தந்திருக்கிறேன்; ‘வை’ பெயர்களுக்கு மதிப்பு வைக்கும்):

(வை ((நீளம் 4) (அகலம் 3))
  (* நீளம் அகலம்))

பெயர்களை வைத்திருக்கும் அந்தப் பட்டியலுக்குத் தலைச்சொல் கிடையாது. வரியின் தொடக்கத்தில் எழுத எதுவுமில்லை. 49 அங்கே ‘குழு’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை நிறுத்துகிறது; சாதாரணச் சொல் ஒன்று காவல் வேலைக்குப் போய்விடுகிறது. 110 இரட்டைப் பின்சாய்கோடு போடுகிறது. அதோடு நின்றாலாவது பரவாயில்லை. டாலர் குறி, நட்சத்திரம் ஒட்டிய கோண அடைப்பு, கணிதக் கோவைக்குச் சுருள் அடைப்பு என்று சேர்த்துக்கொண்டே போகிறது. அடைப்புக்குறியை விரட்டப் புறப்பட்ட இடத்தில் இத்தனை குறிகளா! 119, அதாவது விஸ்ப், இந்த வேலையை ஒற்றை முக்காற்புள்ளியோடு முடித்துக்கொள்கிறது:

வை
  :
    நீளம் 4
    அகலம் 3
  * நீளம் அகலம்

தனிச்சொல் வரியிலும் விஸ்ப்தான் தெளிவு. ‘புதுவரி’ என்று மட்டும் எழுதினால் விஸ்ப்பில் அது அழைப்பு. வெறும் மதிப்பாக வேண்டுமென்றால் முன்னால் ஒரு புள்ளி. 110-இல் அதே வரி வெறும் பெயர். அழைக்க, பின்னால் வெற்று அடைப்பு ஒட்ட வேண்டும். இரண்டு சொல் வரியில் ஒன்றை அழித்தால் அழைப்பு சத்தமில்லாமல் பெயராகிவிடும். ஆகவே மூன்றில் விஸ்ப்புக்கே என் வாக்கு.

ஆனால் விஸ்ப்பும் அடைப்புக்குறியின் இடத்தைப் பிடிக்க முடியாது. இதைப் பாருங்கள்:

இருந்தால் (> எண் 0)
  காட்டு எண்
  புதுவரி

எண் 0-ஐவிடப் பெரிதாக இல்லாவிட்டால் இங்கே நடக்க வேண்டியது ‘புதுவரி’. வெட்டி ஒட்டும்போது அது இரண்டு இடைவெளி உள்ளே நகர்ந்தால் ‘காட்டு’வின் இரண்டாவது உள்ளீடாகிவிடும். வாசிப்பான் முணுமுணுக்காது. பைத்தானில் எந்த வரிக்குக் கீழே தொகுதி வரலாம் என்பதை இலக்கணம் கட்டுப்படுத்துகிறது. தொகுதியில்லாத வரிக்குக் கீழே உள்தள்ளினால் பிழை. விஸ்ப்பில் எந்த வரியும் எந்த வரிக்கும் பிள்ளையாகலாம், அதனால் தவறான உள்தள்ளலும் செல்லுபடியாகும். வழக்கமான லிஸ்ப்பிலோ உள்தள்ளல், அடைப்புக்குறியைப் பார்த்து எடிட்டர் போடுவது. ஓர் அடைப்பு விட்டுப்போனால் அடுத்த வரி தள்ளிப் போய் நிற்கும்; பிழை கண்ணில் படும். ஒன்றுக்கொன்று சாட்சி. உள்தள்ளலை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தச் சாட்சி போய்விடுகிறது.

சிறு கட்டளைக்கோப்புக்கும் முதல் வாரப் பாடத்துக்கும் விஸ்ப்பைத் தாராளமாக எடுக்கலாம். நிரலை எழுதும் நிரலான மேக்ரோவை எழுத உட்காரும்போது மட்டும், அந்தச் சாட்சி வேண்டும் என்பதால், அடைப்புக்குறிகளுக்கே திரும்பிவிடுவேன்.