சிரை தமனி ஆகுமா?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து நெஞ்சுவலியோடு இறங்கி வருபவருக்கு வேலூரிலோ சென்னையிலோ பைபாஸ் செய்தால், பெரும்பாலும் அவர் காலிலிருந்து எடுத்த சிரையும் தமனியின் வேலையை ஏற்கும். இந்தியாவின் முதல் பைபாஸை 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். ஆனால் முறையின் வேர் நாய்களிடம் இருக்கிறது.

1905-06-ல் சிகாகோவில் அலெக்சிஸ் கேரலும் சார்லஸ் கத்ரீயும் நாயின் கழுத்துச் சிரையைத் தமனியில் வைத்துத் தைத்தார்கள். தையல் தாங்கியது, ரத்தம் ஓடியது. சொந்தத் திசு என்பதால் உடல் அதை நிராகரிக்கவில்லை. இந்த வெற்றி இன்றும் செல்லும்.

சிக்கல் அழுத்தத்தில் தொடங்குகிறது. மிகக் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய மெல்லிய குழாய், திடீரென்று நூறு மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தைச் சுமக்கிறது. முதல் மாதத்தில் ரத்தம் உறைந்து அடைக்கலாம். அடுத்த மாதங்களில் உட்சுவர் தடித்து வழி குறுகும். ஆண்டுகள் போனால் கொழுப்பு படியும். சில சமயம் சுவர் உப்பி வீங்கவும் செய்யும்.

முதல் இரண்டையும் விலங்குகள் நன்றாகக் காட்டின. மூன்றாவதில் சறுக்கல். நாயின் தமனியில் கொழுப்பு எளிதில் படியாது. ஆய்வுக்கூட விலங்குகள் பெரும்பாலும் இளமையானவை, பீடி அறியாதவை. கவனிப்பும் சில வாரங்களோ மாதங்களோதான். தடிப்பைத் தடுப்பதிலும் கணிப்பு தவறியது: தைக்குமுன் சிரையை எடிஃபோலிகைட் மருந்தில் ஊறவைத்தால் தடிப்பு குறையும் என்று விலங்காய்வுகள் நம்பிக்கை தந்தன. 3,014 நோயாளிகளிடம் நடந்த 'ப்ரிவென்ட் 4' சோதனையின் முடிவு 2005-ல் வந்தது: பயனில்லை. விலங்குகளில் சோதித்ததைக் குறை சொல்ல மாட்டேன். வாரங்களின் விடையை ஆண்டுகளின் விடையாகப் படித்ததுதான் பிழை.

அதற்காகச் சிரையை ஒதுக்கிவிட முடியாது. இதயத்துக்கு மார்பின் உட்புறத் தமனி நீண்டகாலம் உழைக்கிறது. ஆனால் எல்லா அடைப்புக்கும் அது போதாது. கால் தமனி அடைப்புக்கான பைபாஸில், முழங்காலுக்குக் கீழே செயற்கைக் குழாயைவிடச் சொந்தச் சிரையே மேல்.

ஆகவே இப்படித் தைத்த சிரையின், அதாவது ஒட்டின், ஆயுள் அறுவை அரங்கோடு முடிவதில்லை. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை, பீடியை விடுவதற்கான துணை எல்லாம் மலைமேலேயே கிடைக்க வேண்டும். கால் ஒட்டு குறுகுவதை முதலாண்டிலேயே டாப்ளர் ஸ்கேனில் கண்டால் சரிசெய்ய வாய்ப்புண்டு. முழுதும் அடைத்தபின் மீட்பது கடினம். அந்த ஸ்கேனுக்காக ஒருநாள் கூலியை இழந்து மலையிறங்கச் சொல்கிறோம் என்பதை, ஒட்டு போடும் மருத்துவமனைகள் தங்கள் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.