தாம்பரம் மாநாடும் போர்க்காலத் திருச்சபையின் சொல்லும்

தாம்பரம் மாநாடு என்றவுடன் நம் இறையியல் மாணவர்க்கு நினைவுக்கு வருவது ஒரு வாதமே. கிறித்தவச் செய்திக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி உண்டா, இல்லையா என்று ஹெண்ட்ரிக் கிரேமர் ஒருபுறமும், செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைச் சிந்தனையாளர் மறுபுறமும் நின்று நிகழ்த்திய வாதம் அது. கிரேமரின் பெருநூலும், கிறித்தவத்தைக் குறித்த மறுசிந்தனையாகச் சென்னைக் குழுவினர் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பும் 1938ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. அவ்வாதத்தின் சிறப்பை நாம் குறைத்துக் கூற முற்படவில்லை. ஆயினும், அம்மாநாட்டின் வாசலில் நின்ற வேறொரு வினாவை அது நம் கண்ணுக்கு மறைத்துவிட்டது. நாடு போரில் இறங்கும்போது திருச்சபை யாருடைய சொல்லைப் பேசும் என்பதே அவ்வினா. அதற்குப் பின்வந்த ஆண்டுகள், சிறப்பாக அமெரிக்கத் திருச்சபைகளின் வரலாறு, அளித்த விடையை வைத்துத் தாம்பரத்தை மறுமதிப்பீடு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். யாழ்ப்பாணத்தில் 1816இலும், மதுரையில் 1834இலும், ஆற்காட்டுப் பகுதியில் 1853இலும் தொடங்கிய அருட்பணிகள் அந்நாட்டிலிருந்து வந்தவை. நாம் அவர்களிடமிருந்து பள்ளியையும் மருத்துவமனையையும் மட்டும் பெறவில்லை. நாட்டையும் கடவுளையும் எவ்வாறு சேர்த்துப் பேசுவது என்னும் பழக்கத்தையும் ஓரளவு பெற்றோம். ஆதலின் அவர்களுடைய வெற்றியும் வீழ்ச்சியும் நமக்கும் பாடமே.

முதலில், மாநாடு கூடிய சூழலை நோக்குவோம். அது முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் கூடுவதற்கே திட்டமிடப்பட்டிருந்தது. 1937இல் சீனாவின்மீது ஜப்பான் தொடுத்த போரே அதனைத் தாம்பரத்திற்குக் கொண்டுவந்தது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில், ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 471 பேராளர் கூடினர். சீனப் பேராளர்க்குத் தலைமை தாங்கிய வூ யீஃபாங் அம்மையார், நான்ஜிங் நகரின் ஜின்லிங் மகளிர் கல்லூரித் தலைவர். அந்நகர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்து, சொல்லொணாக் கொடுமைக்கு உள்ளாகி, மாநாடு தொடங்கியபோது சரியாக ஓராண்டு ஆகியிருந்தது. அதே கூடத்தில் ஜப்பானியக் கிறித்தவரும் அமர்ந்திருந்தனர். இரு சாராரும் சேர்ந்து ஜெபித்தனர். திருச்சபை நாட்டெல்லைகளைக் கடந்த ஒரே உடல் என்பதற்கு இதைவிட மேலான சான்று வேண்டுமோ என்று பலரும் உள்ளம் நெகிழ்ந்தனர். அந்நெகிழ்ச்சி பொய்யானதன்று. ஆனால் அது போதுமானதா?

மாநாட்டிற்குத் தலைமை வகித்த அமெரிக்கர் ஜான் மோட்டின் வாழ்விலேயே இவ்வினாவின் முன்வரலாறு அடங்கியுள்ளது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, கிறித்தவ வாலிபர் சங்கத்தின் போர்க்காலப் பணிகளைத் தலைமையேற்று நடத்தியவர் அவர். அன்று அந்நாட்டுப் பிரசங்க பீடங்களிற் பெரும்பாலானவை அப்போரை ஒரு புனிதப் போராகவே முழங்கின. புகழ்பெற்ற போதகர் ஹாரி எமர்சன் பாஸ்டிக்கும் அப்போரை ஆதரித்து எழுதியவரே. பின்னர் அவர் மனம் மாறி, 1933 நவம்பரில், நியூயார்க் நகரின் ரிவர்சைடு ஆலயத்தில், பெயர் அறியப்படாத போர்வீரனை முன்னிறுத்தி ஆற்றிய அருளுரையில் தம் பழைய நிலையை வெளிப்படையாகக் கைவிட்டார். இரண்டாம் உலகப் போரிலும் அவர் போர் மறுப்பாளராகவே நிலைத்திருந்தார். எனினும் இம்மனந்திரும்புதல் போர் முடிந்து 15 ஆண்டுகள் கழிந்த பின்னரே சொல் வடிவம் பெற்றது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாம்பரத்திற்கு வந்திருந்த மற்றோர் அமெரிக்கர், 1907 முதல் இந்தியாவில் பணியாற்றிய ஸ்டான்லி ஜோன்ஸ். மாநாடு முடிந்த சில மாதங்களில், 1939இல், ‘கிறிஸ்டியன் செஞ்சுரி’ இதழில் அவர் கடுமையான திறனாய்வு ஒன்றை எழுதினார். மாநாடு திருச்சபையைத் தன் தொடக்கப் புள்ளியாகக் கொண்டது. இறையாட்சியைக் கொண்டிருக்க வேண்டும். ஆகவே வழி தவறிவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். திருச்சபையும் இறையாட்சியும் ஒன்றல்ல என்று செஞ்சையாவும் வற்புறுத்தி வந்தார். ஒருவர் அமெரிக்க அருட்பணியாளர், மற்றவர் சென்னையின் பொதுநிலையினர். இருவரும் வெவ்வேறு வழியாக ஒரே குறையைக் கண்டனர்.

இத்திறனாய்வு சரியானதா? ஒரு பாதி சரி என்பதே நம் கருத்து. மாநாட்டு அறிக்கை பன்னாட்டு ஒழுங்கைக் குறித்துப் பேசாமல் இல்லை. தேசியத்தையும் பாசிசத்தையும் பொய்ச் சமயங்களாகக் கிரேமரே தம் நூலின் தொடக்கத்தில் இனங்காட்டியுள்ளார். ஆயினும், கூட்டம் கலைந்து தத்தம் நாடு திரும்பிய திருச்சபைகளைக் கட்டக்கூடிய சொல் ஒன்றும் அங்குப் பிறக்கவில்லை. தன்னையே நடுவில் நிறுத்திய திருச்சபை, தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையே போர்க்காலத்தில் தேடிற்று.

மறுபாதியோ ஐயத்திற்குரியது. இறையாட்சி என்னும் சொல்லை முதன்மையாக்கிவிட்டால் மட்டும் திருச்சபை தப்பிவிடுமா? 1917இல் அமெரிக்கப் போதகர் பலர் அச்சொல்லைத்தான் கையாண்டனர். தங்கள் நாட்டின் மக்களாட்சி வெல்வதையும் இறையாட்சி வருவதையும் அவர்கள் ஒன்றாக்கினர். ஆகவே சிக்கல் எச்சொல்லை முதலில் வைப்பது என்பதில் இல்லை. அச்சொல்லின் தீர்ப்பு யார்மீது முதலில் விழுகிறது என்பதில்தான் உள்ளது. தன் நாட்டின்மீது விழாத தீர்ப்பை அறிவிக்கும் இறையாட்சிப் பிரசங்கம், போர் அறிக்கையின் வேறொரு படியே ஆகும்.

இதனைத் தெளிவாகக் கண்டவர் மாநாட்டிற்கு வெளியே இருந்தார். தாம்பரத்திற்கு வந்திருந்த ஜப்பானியக் கிறித்தவத் தலைவர் டொயோஹிக்கோ ககாவா, 1939 ஜனவரியில் காந்தியடிகளைச் சந்தித்தார். போரைப் பற்றி ஜப்பானியர் என்ன எண்ணுகின்றனர் என்று அடிகள் வினவினார். அப்பொருளில் தம் நாட்டில் தாம் ஒரு மாறுபட்ட கொள்கையினர் என்று ககாவா தயங்கிக் கூறினார். அம்மாறுபாட்டை வெளிப்படையாக அறிவித்து, அதற்காகச் சுடப்படவும் ஆயத்தமாக வேண்டும் என்பதே அடிகளின் மறுமொழி. 18 நாள் மாநாடு கேட்காத வினாவை ஒரு சிறு உரையாடல் கேட்டுவிட்டது. ககாவா கோழையல்லர், சீன மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியவர், 1940 ஆகஸ்டில் சிறைப்பட்டவர். ஆயினும் போர் முற்றியபோது அவருடைய குரலும் அமெரிக்காவிற்கு எதிரான வானொலிப் பேச்சுகளில் ஒலித்தது. அவ்வளவு பெரிய ஆன்மாவையே நாடு தன் பக்கம் இழுத்துக்கொண்டதெனில், நம்மைப் போன்றோரின் நிலை என்ன?

1941 டிசம்பர் 3ஆம் நாள் ஸ்டான்லி ஜோன்ஸ் அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்து, ஜப்பானியப் பேரரசருக்கு நேரடியாகத் தந்தி அனுப்புமாறு வேண்டினார். தந்தி 6ஆம் நாள் சென்றது; மறுநாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. தாம்பரத்தில் சேர்ந்து ஜெபித்து மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் ஜப்பானியத் திருச்சபையும் அமெரிக்கத் திருச்சபையும் எதிரெதிர் அணியில் நின்றன. 1942 ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த திருநாளன்று, கொழும்பின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அம்மாதம் சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். போர் தாம்பரத்தின் வாசலுக்கே வந்துவிட்டது.

பின் நிகழ்ந்தவை நாம் அறிந்தவையே. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டால் அழிந்தன. 1946 மார்ச்சில் அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பு அமைத்த இறையியல் குழு, அச்செயலைப் பாவமென்று அறிக்கையிட்டது. ரைன்ஹோல்ட் நீபுரும் அதில் ஒப்பமிட்டார். ஜப்பானின் கிறிஸ்து ஐக்கிய சபை, போர்க்காலத்தில் தான் தவறியதை 1967 மார்ச் 26, உயிர்ப்புத் திருநாளன்று அறிக்கை செய்தது. இவ்விரண்டும் போற்றுதற்குரியவை. ஆனால் இரண்டும் போர் முடிந்த பின் எழுந்த சொற்கள். ஒன்று 7 மாதங்களுக்குப் பின், மற்றொன்று 21 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்.

ஜப்பானிய அறிக்கைக்கு ஒன்பதாம் நாள், 1967 ஏப்ரல் 4 அன்று, பாஸ்டிக் முன்னர்ப் போதகராயிருந்த அதே ரிவர்சைடு ஆலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் எழுந்து, வியட்நாம் போரில் தம் நாடு இழைக்கும் கொடுமையைக் கண்டித்தார். இங்கே வேறுபாடு தெளிவாகிறது. போர் முடியவில்லை, தம் நாட்டு வீரர் அங்கே மாண்டுகொண்டிருந்தனர், குடியுரிமை இயக்கத்தின் தோழர்களே அவரைக் கடிந்துகொண்டனர், பெரிய நாளிதழ்கள் தலையங்கம் எழுதித் தாக்கின. கம்யூனிஸ்டுகளின் குற்றங்களை அவர் மறுக்கவில்லை. ஆனால் தம் வீட்டின் குற்றத்திலிருந்து தொடங்கினார். சரியாக ஓராண்டு கழித்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜோன்ஸ் கேட்ட இறையாட்சியின் சொல்லும், அடிகள் ககாவாவிடம் கேட்ட துணிவும் அவ்வுரையில் ஒன்றுசேர்ந்தன என்று கூறுதல் மிகையாகாது.

இனி நம்மைப் பற்றிச் சிறிது. தாம்பரத்தில் கல்லூரியும் உண்டு, விமானப்படைத் தளமும் உண்டு. படப்பை முதலாகச் சுற்றியுள்ள ஊர்ச் சபைகளில் படையில் பிள்ளைகளைக் கொண்ட பெற்றோர் ஆராதனைக்கு வருகின்றனர். அவர்கள் கண்ணீரோடு ஏறெடுக்கும் ஜெபத்தை இகழ்பவன் போதகன் அல்லன். படைவீரர்க்காகவும் ஆள்வோர்க்காகவும் மன்றாடுவது நம் கடமை. ஆனால் 1962, 1965, 1971 போன்ற ஆண்டுகள் மீண்டும் வரின், எல்லைக்கு அப்பாலுள்ள தாயின் மகனுக்காகவும் அதே பீடத்தில் மன்றாட்டு எழுமா? நம் தரப்பின் செயலையும் கடவுளின் தீர்ப்புக்கு உட்படுத்தும் அருளுரை ஒன்றேனும் பேசப்படுமா? இதனைப் போர் வந்த பின் கற்க முடியாது. சாதியின் பேரால் நம் ஊரிலேயே நிகழும் சிறு போர்களில் நம்மவர் பக்கத்துக் குற்றத்தை முதலில் கூறப் பழகாத போதகர், நாட்டுப் போரில் அதனைக் கூறப்போவதில்லை.

ராமோத் கீலேயாத்தின்மீது படையெடுக்க ஆகாப் அரசன் ஆலோசனை கேட்டபோது, 400 தீர்க்கதரிசிகள் ஒரே வாயாய் வெற்றியை முன்னறிவித்தனர். வேறு சொல் சொன்ன மிகாயா சிறைக்கு அனுப்பப்பட்டான். அந்த 400 பேரும் கர்த்தரின் பெயரைச் சொல்லியே பேசினர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தாம்பரம் மாநாட்டைப் பயிலும் நம் மாணவர், கிரேமரையும் செஞ்சையாவையும் நன்கு கற்கட்டும். அதனோடு, தாங்கள் ஏறப்போகும் பீடத்தில் அந்த 400 பேரோடு நிற்பார்களா, மிகாயாவோடு நிற்பார்களா என்பதையும் ஆராயட்டும்.