ஆறு வருஷம் கழித்து...

2004-ல் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் ஆரம்பித்த நிகழ்ச்சி, 'தி பிக்கஸ்ட் லூஸர்'. பருமனானவர்கள் மணிக்கணக்கில் ஓடி, அழுது, எடை மெஷினில் ஏறுவார்கள். அதிகம் இளைத்தவருக்குப் பரிசு. விறுவிறுப்பான ஷோதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் கதை ஃபைனலோடு முடிந்துவிடுகிறது. அப்புறம்?

2009 சீஸனில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார் விஞ்ஞானி கெவின் ஹால். 30 வாரத்தில் சராசரியாகக் குறைந்தது 58 கிலோ. திரும்பி வந்தது 41! பஞ்சம் வந்துவிட்ட மாதிரி உடம்பு சிக்கனத்தில் இறங்கி, எதிர்பார்த்ததைவிட தினமும் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. இவர்களைப் போய் 'வாயைக் கட்டத் தெரியாதவர்கள்' என்று திட்டுவது அநியாயம்.

வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது இதைத்தான். டி.வி-யில் காட்டினால் ரிமோட்டைத் தேடுவீர்கள். பரவாயில்லை. 'ஒரே மாசத்தில் 15 கிலோ' என்று யாராவது ஆசை காட்டினால், 'ஆறு வருஷம் கழித்து எவ்வளவு சார்?' என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.